ஆட்டிடம் சொன்னது

கருத்தப்பாண்டியும் அவன் பெண்சாதி சீனித்தாயும் நேருக்கு நேர் பேசி இருபத்து மூன்று நாள் ஆகியிருந்தது. அதனால் அந்த வீட்டில் பேச்சுமூச்சே இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முன்னைவிடக் கூடுதலாகவே பேசினார்கள். அவ்வளவு பேச்சும் ஆட்டிடம் நடந்தது.

முதல் மூன்று நாள் மகள் காளீஸ்வரி நடுவில் கிடந்து அல்லாடினாள். கழுகுமலையில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளை. காலை ஏழு மணி வேனுக்கு ஓடுகிற நேரத்தில் சீனித்தாய் பிடித்துக்கொள்வாள். "ஒங்கப்பாட்ட சொல்லு, அரிசி தீந்துபோச்சுன்னு." அவன் நாலடி தள்ளித்தான் நிற்பான். "ஒங்கம்மாட்ட சொல்லு, எனக்கும் பானை தெரியுதுன்னு." நாலாவது நாள் காளீஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால் ஆபீசா? இன்னா நிக்கிது பாருங்க கன்னி ஆடு. அதுட்ட சொல்லுங்க. அதுக்குத்தான் வேன் புடிக்கிற அவசரம் இல்ல."

எரிச்சலில் சொன்னாள். இவர்கள் ரெண்டு பேரும் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டு முன்னால் முளையில் கட்டியிருந்த அந்தக் கறுப்பு ஆடு, நெற்றியில் ரெண்டு வெள்ளைக் கோடும் வாயில் அசைபோட்ட தழையுமாக, ஒரு குடும்பத்தின் வழக்கு முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றது.

வழக்கு புஞ்சையைப் பற்றியது. ஊருக்குக் கிழக்கே நாலு ஏக்கர் கரிசல். கருத்தப்பாண்டிக்கும் திருப்பூரில் இருக்கும் தம்பி இசக்கிபாண்டிக்கும் பொது. சுற்றிலும் இருந்த காட்டையெல்லாம் சோலார்க் கம்பெனிக்காரன் வாங்கி, உடைமரத்தை மூட்டோடு பிடுங்கிப்போட்டு, கம்பிவேலி அடைத்துவிட்டான். நடுவே இவர்கள் துண்டு மட்டும் மிச்சம். புரட்டாசியில் ஒருநாள் தம்பி போன் பண்ண, இவன் "சரிடா, குடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டான். தண்ணீர்க் குடத்தை இறக்கிக்கொண்டிருந்த சீனித்தாய் காதில் அது விழுந்தது.

"யாரக் கேட்டு சரின்னு சொன்னீங்க?"

"யாரக் கேக்கணும்? ஒங்க அப்பன் வீட்டுச் சொத்தா?"

அந்த ஒரு சொல்தான். இருபது வருஷம் அந்தப் புஞ்சையில் குனிந்து களையெடுத்து முதுகு போனவள் அவள். கல்யாணமாகி வந்த எட்டாம் நாளே களைக்கொத்தைக் கையில் வாங்கியவள். அவன் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடப் போய்விடுவான்; விதைப்புக்கும் அறுப்புக்கும்தான் அவன் வருவான், மற்ற நாளெல்லாம் அவள்தான். அப்பன் வீட்டுச் சொத்தா என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு மூடினாள் வாயை.

அவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. முந்தின வருஷத்துக்கு முந்தின வருஷம் மார்கழியில், ஒரு வருஷத்து மழை ரெண்டே நாளில் கொட்டியது. கதிர் பிடித்து நின்ற மக்காச்சோளம் தண்ணீருக்குள் ஒரு வாரம் நின்று அழுகியது. அடுத்த வருஷம் மழையே இல்லை. வெயிலோடு படைப்புழு வந்து தின்றது. ரெண்டு வெள்ளாமை போனவன் மூன்றாவதை நம்ப யோசிப்பான்தானே. கடைசியில் தம்பியே கொஞ்சம் இறங்கி வந்தான். "இந்த வெள்ளாமையப் பாரு. வீடு வந்து சேந்துச்சுன்னா புஞ்சை இருக்கட்டும். இல்லன்னா தையில கையெழுத்தப் போட்டுருவோம்." சீனித்தாய்க்கு அது போதும். இந்த ஒரு வெள்ளாமை, தை வரைக்கும்.

புரட்டாசிக் கடைசியில் புழுதியில் விதைத்தார்கள். ஒரே ஒரு மழை, நல்ல மழை. மக்காச்சோளம் ஒன்றுபோல முளைத்து, கரிசலே தெரியாமல் பச்சையாக விரிந்தது. அதோடு வானம் வெளுத்துவிட்டது. ஐப்பசியில் அடைமழைக்குப் பதிலாகச் சித்திரை வெயில் அடித்தது. தரை விரலளவு வெடித்தது. இருபதாம் நாள் சீனித்தாய் ஒரு குருத்தை விரித்துப் பார்த்தாள். உள்ளே மரத்தூள் கொட்டிவைத்த மாதிரி எச்சம். அதைக் கிளறினால் அடியில் சுருண்டு கிடந்தது புழு.

"ஏ கன்னி," என்றாள் அன்று சாயந்திரம் ஆட்டைப் பார்த்து, "புழு வந்துருச்சு. கிழக்குப் பொழியில இருந்து உள்ள ஏறுது."

கருத்தப்பாண்டி கரி படிந்த கையைக் கழுவிக்கொண்டே ஆட்டுக்குப் பதில் சொன்னான். "முன்னால்லாம் ஐப்பசி மழை குருத்துக்குள்ள தேங்கி நின்னு புழுவ மூச்சு முட்டவச்சுக் கொன்னுரும். இப்பம் மழைக்கு நாம எங்க போவ? மருந்துதான் அடிக்கணும்."

அடித்தான். ரெண்டு தடவை அடித்தான். கோவில்பட்டியில் சாமித்துரை மருந்துக்கடையில் கொடுத்ததை, முதுகில் டேங்க்கைக் கட்டிக்கொண்டு, கண் எரிய எரிய அடித்தான். வெளியே கிடந்த புழு செத்தது. குருத்துக்குள் தலையைக் கொடுத்துக் கிடந்தது ராஜாவாகத் தின்றுகொண்டிருந்தது.

குருவி விஷயம் தற்செயலாக நடந்தது. ஆயுதபூஜைக்குத் தீப்பெட்டி ஆபீசில் கொடுத்த பொரிப் பொட்டலங்கள் வீட்டில் கிடந்தன. காளீஸ்வரிக்குப் பொரி பிடிக்காது. ஒருநாள் களையெடுக்கப் போன சீனித்தாய் அதில் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போனாள். கொறிக்கும்போது நாலு சிந்தியது. எங்கிருந்தோ ரெண்டு மைனா வந்தது. பொரியைக் கொத்தியது. பக்கத்துக் குருத்தை எட்டிப் பார்த்தது. அலகை உள்ளே விட்டு இழுத்தபோது புழு வந்தது. சீனித்தாய் பொரி மென்ற வாயை அப்படியே நிறுத்திவிட்டாள்.

மறுநாள் ஒரு முழுப் பொட்டலத்தையும் வேண்டுமென்றே தூவினாள். சோலார்க்காரன் பிடுங்கிப்போட்ட உடைமரத்துக் கொப்புகளை இழுத்துவந்து, புஞ்சை நெடுக ஆளுயரத்துக்கு ஊன்றினாள். குருவிக்கு உட்கார ஒரு இடம் வேண்டும். இருந்த மரத்தையெல்லாம்தான் பிடுங்கியாயிற்றே. நாலாம் நாள் கரிச்சான் வந்தது. அதுவும் ஒன்று ரெண்டல்ல. கொப்பில் உட்காரும், விர்ரென்று இறங்கும், புழுவோடு ஏறும், கொப்பில் அடித்து விழுங்கும். அதில் ஒன்றுக்கு ரெட்டைவாலில் ஒரு பக்கம் ஒடிந்திருந்தது. மூன்றாவது கொப்பு தனக்குத்தான் என்று மற்றதையெல்லாம் விரட்டும். சீனித்தாய் அதற்கு ஒத்தவாலு என்று பேர் வைத்தாள்.

நூறு நாள் வேலையில் கூட மண் சுமக்கிற ரெங்கம்மாள், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பொழி வரப்பில் நின்று இதைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். சீனித்தாயைவிடப் பத்து வயது மூத்தவள்.

"ஏட்டி சீனி, குருவிக்குப் பந்தி வைக்கியா?"

"சும்மா வைக்கலக்கா. கூலிக்கு வைக்கேன். ஒரு குருத்துல எம்புட்டு நேரம் நிக்கிதுன்னு பாருங்க."

"எங்க வீட்டுக்காரரு குருமலைக் காட்டுக்கு ஆடு பத்திட்டுப் போறாருல்லா. அங்கன மரமெல்லாம் புழு தின்னு வெறுங் கொப்பா நிக்காம். முன்னால இந்த மாசம் குருவிச் சத்தம் காதைப் பொளக்குமாம். இப்பம் புழு எலையத் திங்குற சத்தந்தான் கேக்குன்னு சொல்லுதாரு."

"வேம்பும் நுனியெல்லாம் கருகிப்போச்சே, ஊருக்குள்ள."

"வெயிலு கூடக் கூடப் புழுவுக்குக் கொண்டாட்டம் சீனி. முன்னால ஒரு தலமுறை வந்த நேரத்துல இப்பம் ரெண்டு தலமுறை வந்துருது. குருவி பாவம், வருசத்துக்கு ஒருக்கத்தான் குஞ்சு பொரிக்கும். போன வைகாசியில எங்க வீட்டு மரத்துக் கூட்டுல குஞ்சு வெயில்ல வெந்துபோய்க் கெடந்துச்சு. தாய்க்குருவி ரெண்டு நா சுத்திச் சுத்திக் கத்துச்சு. தேவுடா, பாக்க முடியல. மிச்சம் இருந்த குருவியெல்லாம் ஒன் புஞ்சைக்குத்தான் வந்துருக்கு போல."

"இருக்கட்டும்க்கா. இதுவ இருக்க வரைக்கும் எங்க புஞ்சை எங்களுக்கு இருக்கும்."

பொரி தீர்ந்ததும் கடையில் வாங்கினாள். காலையில் கம்பங்கூழும் மிதுக்கு வத்தலும் தூக்கில் எடுத்துப் போகிறபோது பொரிப் பையும் கூடப் போகும். விடிந்து வெயில் ஏறும்வரை பொரி தூவி, களையெடுத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மண்வேலைக்குப் போவாள். ஒரு வாரத்தில் மேற்கு ரெண்டு ஏக்கரில் புதுக் குருத்து கடிபடாமல் விரிந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இதை அவனிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. சொல்லியிருக்கலாம். அப்பன் வீட்டுச் சொத்து குறுக்கே வந்து நின்றது.

அவனோ மூட்டத்திலிருந்து வருகிற வழியில், பொழுது சாய்கிற நேரத்தில்தான் புஞ்சையை எட்டிப் பார்ப்பான். அந்நேரம் குருவிகள் அடையப் போயிருக்கும். கிழக்குப் பக்கமாக நுழைகிறவன் கண்ணில் கடிபட்ட குருத்துதான் படும்.

"ஏ கன்னி, கொப்ப ஊனி வச்சா புழு பயந்து ஓடிருமாக்கும்?"

"ஏ கன்னி, கொப்புல யாரு வந்து உக்காருதாவன்னு பாக்கதுக்குக் காலையில வரணும். கண்ணும் வேணும்."

"ஏ கன்னி, நாங் காலையில கொப்பு வேடிக்கை பாக்கப் போயிட்டா மூட்டத்த யாரு பாப்பா?"

காளீஸ்வரி தலைவாரிக்கொண்டே சிரித்தாள். சிரிக்க முடிந்த கடைசி நாள் அதுதான்.

அந்த வாரத்தில் இசக்கிபாண்டி மறுபடி போன் பண்ணினான். கம்பெனிக்காரன் சும்மா ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ளட்டும் என்றானாம். கருத்தப்பாண்டி ஆட்டிடம் இதைச் சொன்ன ராத்திரி சீனித்தாய் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டி அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பினவன், ஆட்டின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஏ கன்னி, நாளைக்குப் புஞ்சையில..."

அளக்க வருகிறான்கள், அதைத்தான் சொல்லப் போகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சோற்றுப்பானை மூடியை எடுத்தாள். அடுப்புக் கல்லில் ஓங்கித் தட்டினாள். ஒட்டியிருந்த பருக்கையைத் தட்டுகிறவள் மாதிரி. அவன் பேசிக்கொண்டே போனான், இவளும் தட்டிக்கொண்டே இருந்தாள். அவன் நிறுத்தி, ஒரு நொடி அவள் பக்கம் பார்த்தான். பிறகு போய்விட்டான்.

அவள் கேட்காமல் விட்ட பேச்சு இதுதான்: "நாளைக்குப் புஞ்சையில யாரும் கால் வைக்கக் கூடாது. தவிட்டுல சர்க்கரையும் மருந்தும் கலந்து, இன்னைக்குச் சாயந்திரம் குருத்துக் குருத்தா வைக்கப் போறேன். நாலு நாளைக்கு ஒன்னையும் அங்கன கட்டப்படாது."

சாமித்துரைதான் சொல்லிக்கொடுத்தான். இனிப்புக்குப் புழு குருத்தைவிட்டு மேலே ஏறித் தின்னும், தின்றதும் சாகும். இவன் ரெண்டு வெள்ளாமை போனவன் அல்லவா, சொன்ன அளவுக்கு ஒரு மடங்கு கூட்டியே போட்டான். தவிட்டை மூட்டத்துப் பக்கமே ஒரு டிரம்மில் முந்தின நாள் ஊறவைத்திருந்தான். பொழுது சாய, வாளியைத் தூக்கிக்கொண்டு, ரெண்டு ஆளுக்குக் கூலி கொடுத்து, இருட்டுவதற்குள் நாலு ஏக்கருக்கும் வைத்து முடித்தான். வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினான். கரிக்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

காலையில் சீனித்தாய் பொரிப் பையோடு போனாள். குருத்தில் பழுப்பாக ஏதோ இருந்தது. புழு எச்சமும் அதே நிறம்தான். இன்றைக்குக் கூடுதலாகத் தெரிகிறதே, பொரியும் கூடுதலாகப் போடுவோம் என்று முழுப் பையையும் தூவினாள். "பா... பா..." என்று கூப்பிடவும் செய்தாள். கோழியைக் கூப்பிடுகிற மாதிரி. அவை அந்தச் சத்தத்துக்குப் பழகியிருந்தன. மைனாக்கள் கூட்டமாக இறங்கின. குருத்தின் மேலே, அலகு எட்டும் இடத்தில் புழு மயங்கிக் கிடந்தது. கரிச்சான்களுக்கு அன்றைக்கு விருந்து. ஒத்தவாலு ஒரே மூச்சில் நாலு புழுவை விழுங்கியதைப் பார்த்து, "மெதுவாத் தின்னு, ஓடியா போவுது?" என்று சொல்லிவிட்டுத்தான் மண்வேலைக்குப் போனாள்.

மத்தியானம் வெயிலில் ரெங்கம்மாளோடு திரும்பி வந்தாள். புஞ்சை சத்தமில்லாமல் கிடந்தது. முதல் கொப்புக்குக் கீழே ஒரு மைனா மல்லாந்து கிடந்தது. பாம்பு கடித்ததோ என்று குனிந்தாள். அடுத்த பாத்தியில் இன்னும் மூன்று. அதற்கப்புறம் அவள் நடந்த இடமெல்லாம் கிடந்தது. ஒன்று உயிரோடு இருந்தது. இறக்கையைத் தரையில் அடித்து அடித்து வட்டம் போட்டது. மூன்றாவது கொப்பின் அடியில் ஒத்தவாலு. வாயில் புழு இருந்தது.

சீனித்தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ரெங்கம்மாள்தான் ஒரு குருத்தை விரித்து மோந்து பார்த்தாள்.

"தவிடுட்டி. மருந்துத் தவிடு. ஒன் வீட்டுக்காரன் ஒன்ட்ட சொல்லலையா?"

 சீனித்தாய் காதில் பானை மூடிச் சத்தம் கேட்டது.

ரெங்கம்மாள் புஞ்சையை நாலு பக்கமும் சுற்றிவந்து மூச்சு விட்டாள். "நல்லவேளை, மயிலு ஒண்ணும் சாகல. செத்திருந்தா கேசு. தூக்கி உள்ள வச்சிருவான். கரிச்சானுக்கெல்லாம் ஒருத்தனும் வரமாட்டான், பயப்படாத."

"யாரும் வரமாட்டாவளாக்கா?"

"எவன் வருவான்? பொதைச்சிட்டு வா."

கருத்தப்பாண்டிக்கு யாரோ போன் பண்ணியிருக்க வேண்டும். மூட்டத்திலிருந்து முகமெல்லாம் கரியாக வந்து சேர்ந்தான். அவள் வடமூலையில் களைக்கொத்தால் குழி பறித்துக்கொண்டிருந்தாள். கரிசல் காய்ந்து கல்லாகக் கிடந்தது. பொறுக்கி வைத்திருந்த குருவிகளையும் சிந்திக் கிடந்த பொரியையும் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. களைக்கொத்தை அவள் கையிலிருந்து வாங்கி மீதிக் குழியைப் பறித்தான்.

"நாஞ் சொன்னேனே சீனி," என்றான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு. "நேத்துக் காலையில. ஆட்டுட்ட சொன்னேன்."

"காதுல விழல."

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை. சொல்லிவிட்டு அவள் மண்ணைப் பார்த்தாள்.

அவன் குழியிலிருந்து மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னான். "நாந்தான் மெதுவாச் சொல்லிட்டேன் போல. இன்னும் சத்தமாச் சொல்லிருக்கணும்."

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். சோறு, தண்ணி, மருந்து, மழை என்று நேருக்கு நேராகவே பேசினார்கள். ஆட்டுக்கு ஓய்வு கிடைத்தது. காளீஸ்வரி மட்டும், "இப்பத்தான் வீடு வீடு மாதிரி இருக்கு" என்றாள். அவளுக்கு யாரும் முழுசாகச் சொல்லவில்லை.

மருந்துத் தவிடு அந்த ஒரு தலைமுறைப் புழுவைக் கொன்றது நிஜம்தான். பத்தாம் நாள் அடுத்த தாய்ப்பூச்சி பறந்து வந்து முட்டையிட்டது. கார்த்திகையிலும் வெயில் குறையவில்லை. சீனித்தாய் பொரி தூவிப் பார்த்தாள். "பா... பா..." என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். பொரி அப்படியே கிடந்தது. சாயந்திரம் எறும்பு இழுத்துப் போயிற்று. ஊன்றிய கொப்புகள் வெறுமனே நின்றன. ஒரு காக்கைகூட வரவில்லை. வருவதற்கு இனிமேல் குருவி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். சுற்றுவட்டாரத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒரே இடத்தில் சேர்த்துவைத்தவள் அவள்தானே. புழு குருத்தை முடித்துப் பூவுக்கு ஏறி, பூவை முடித்துக் கதிரைத் துளைத்தது. மார்கழியில், எல்லாம் முடிந்தபின், மழை வந்தது. துளைபட்ட கதிருக்குள் தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடித்தது. உரித்துப் பார்த்தால் பத்துக்கு எட்டு மாவாகக் கொட்டியது. வியாபாரி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. நாலு ஏக்கர் வெள்ளாமையும் ஆட்டுக்குத் தட்டையாகத்தான் வீடு வந்தது.

தை எட்டாம் தேதி இசக்கிபாண்டி திருப்பூரிலிருந்து வந்தான். பத்திர ஆபீசில் அண்ணனும் தம்பியும் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக்கு யாரோ போட்டார்கள். சீனித்தாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் கேட்க அங்கே எதுவும் இல்லை.

அன்று சாயந்திரம் கருத்தப்பாண்டி வாசலில், தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த பானையும் மூடியும். சீனித்தாய் புழு தின்ற தட்டையை ஒரு பிடி ஆட்டுக்கு முன்னால் போட்டாள். ரெண்டு மாதமாக நெஞ்சில் அடைத்துக்கொண்டு கிடந்தது. இதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அவன் ஏசட்டும், ரெண்டு அடிகூட அடிக்கட்டும், ஊரைக் கூட்டிச் சொல்லட்டும். எதுவானாலும் இதைவிடப் பரவாயில்லை. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ கன்னி," என்றாள். "அன்னைக்கு அவிய ஒன்ட்ட சொல்லும்போது நான்..."

டங் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். கருத்தப்பாண்டி சோற்றுப்பானை மூடியைக் கையில் எடுத்திருந்தான். தொட்டிக் கல்லில் தட்டினான். அவள் பக்கம் பார்க்கவில்லை.

"நான் வேணும்னுதான்..."

இன்னும் ஓங்கித் தட்டினான். அவள் குரலை உயர்த்த உயர்த்த அவன் கையும் உயர்ந்தது. அவனுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. குழி பறிக்கும்போதே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் மெதுவாகச் சொல்லிவிட்டேன் என்றான். இத்தனை நாள் அவளோடு சோறு தின்று, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்திருக்கிறான். ஒரு ஏச்சுக்கூட அவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்கிறான். சீனித்தாய்க்கு அழுகைகூட வரவில்லை. வாயை மூடினாள்.

அவள் நிறுத்தியதும் அவனும் நிறுத்தினான். மூடி நெளிந்துபோயிருந்தது. அதைக் கட்டைவிரலால் அழுத்தி நிமிர்த்தப் பார்த்தான். வேன் வந்து இறங்கிய காளீஸ்வரி சத்தம் கேட்டு வேகமாக நடந்து வந்தாள்.

"என்னப்பா, எதுக்குத் தட்டுதீங்க? குருவி எதுவும் காயப்போட்டதக் கொத்துதா?"

"குருவி எங்கட்டி இருக்கு?" என்றான் கருத்தப்பாண்டி. நெளிந்த மூடியைப் பானைமேல் வைத்தான். அது சரியாக உட்காரவில்லை.

"பசிக்கு. சோத்தப் போடு சீனி."